சாக்கடைக்குப் போன தண்ணீர் சமையலறைக்குத் திரும்புகிறது!

காலையில் நீங்கள் பாத்திரம் தேய்த்த தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர், ஏன், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர்கூட, சில நாள் கழித்து உங்கள் வீட்டுக் குழாயிலேயே குடிநீராகத் திரும்பி வந்தால்...? "சீச்சீ! காலங்கார்த்தாலே இது என்ன பேச்சு?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள், இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் தலைநகரில் 1968-ஆம் ஆண்டு முதலே இப்படித்தான் நடந்து வருகிறது. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும், பள்ளிக்கூடத்திலும், பெரிய ஓட்டல்களிலும் அதே குழாய்த் தண்ணீர்தான். நானும் என் குடும்பமும் 2015-லிருந்து மூன்று வருஷம் அங்கே இருந்தோம். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், சமைத்தோம். எங்கள் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதைத்தான் கொடுத்தோம்.

அது எப்படிச் சுத்தமாகிறது? அதை நடத்துகிறவர்கள் யார்? அதிலிருந்து நம்மைப் போன்ற இல்லத்தரசிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆறில்லா ஊர்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது நமீபியா. அதன் தலைநகரம் வின்ட்ஹூக். என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்தபோது, நான் பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடித்தான் அந்த ஊரைக் கண்டுபிடித்தேன்.

நமீபியாவில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறுகள் எல்லாம் நாட்டின் எல்லைகளில்தான் இருக்கின்றன. உள்நாட்டில் ஓடுபவை மழை பெய்தால் ஓடி, மறு வாரமே மணலாகிவிடும் காட்டாறுகள். வின்ட்ஹூக்குக்கு மிக அருகில் இருக்கும் ஜீவநதி என்றால், வடக்கு எல்லையில் ஓடும் ஒக்கவாங்கோதான். 'அருகில்' என்றால் சுமார் 700 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை போகிற தூரம்.

மழையும் சொற்பம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால், அங்கே 370 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய காரியம். அதிலும் பெரும்பகுதியை வெயில் குடித்துவிடும். அணைகளில் தேக்கினால், தேங்கிய தண்ணீரும் ஆவியாகிப் போகும். மழை வந்துவிட்டால் ஜனங்கள் குடை பிடிப்பதில்லை, வாசலுக்கு வந்து நனைகிறார்கள்! முதல் வருஷம் அதைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது வருஷம் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

ஒரு காலத்தில் அந்த ஊரில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. பூர்வகுடிகள் அந்த ஊருக்கு வைத்திருந்த பெயர்களே நீராவியையும் வெந்நீரையும் குறிப்பவைதான். ஊற்றை நம்பி மனிதர்கள் வந்தார்கள். மனிதர்கள் பெருகியதும் ஊற்றுகள் போதவில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், அணை கட்டினார்கள், அவையும் போதவில்லை. இனி எங்கே போவது என்று தேடியபோது, ஊருக்குள்ளேயே தினமும் தவறாமல் ஓடும் ஒரே ஒரு 'நதி'தான் கண்ணில் பட்டது. அது ஊரின் சாக்கடை!

அந்தச் சமயம் நமீபியா தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. (1990-இல்தான் விடுதலை பெற்றது.) லூகாஸ் வான் வூரன் என்ற தென்னாப்பிரிக்க விஞ்ஞானி இந்த முயற்சிக்கு முன்னோடியாக இருந்தார். தண்ணீரை அதன் பூர்வீகத்தை வைத்து எடை போடக்கூடாது, அதன் தரத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது அவருடைய வாதம். மனிதர்களைப் பற்றிக்கூட இதைச் சொல்லலாம் போலிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது! 1968-இல் கோரேயங்காப் என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. கழிவுநீரைச் சுத்தம் செய்து, நேரடியாகவே குடிநீர்க் குழாயில் சேர்த்த முதல் ஊர் உலகத்திலேயே வின்ட்ஹூக்தான்.

"என் பேரனுக்கு அதையா குடுக்கிறே?"

இந்த விவரம் ஊரில் இருந்த என் மாமியாருக்குத் தெரிந்த அன்று போனில் வந்த குரலை இன்னும் மறக்கவில்லை.

"ஏம்மா, என் பேரனுக்கு அந்தக் கண்றாவியையா குடுக்கிறே? காசு போனாப் போறது, கடையிலே பாட்டில் தண்ணி வாங்கிக் குடு!"

"இல்லே அத்தை, இங்கே எல்லாரும் இதைத்தான் குடிக்கிறாங்க. டாக்டர் வீட்டிலேயும் இதுதான்..."

"எல்லாரும் குடிச்சா? அவங்க வயிறு வேற, நம்ம வயிறு வேற!"

அவரைக் குறை சொல்லமாட்டேன். எச்சில் டம்ளரைத் தனியாக வைக்கிற வீட்டில் வளர்ந்தவர். அது மட்டுமா? கைக்குழந்தைக்கு ஒரு நாள் வயிற்றோட்டம் வந்தால் கண் குழி விழுந்து, உதடு வறண்டு, எப்படித் துவண்டு போகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் விஷயத்தில் தாய்மார்கள் சந்தேகப் பிராணிகளாக இருப்பதுதான் நல்லது.

எதிர் வீட்டில் ஒரு அம்மாள் இருந்தார். அந்த ஊரில் வயது வந்த பெண்களை மரியாதையாக 'மேமே' என்று கூப்பிடுவார்கள். 'அம்மா' என்று அர்த்தம். அவர் வீட்டில் தினமும் மஹாங்கு மாவில் களி கிண்டுவார். மஹாங்கு என்றால் வேறு ஒன்றுமில்லை, நம் ஊர்க் கம்புதான்! அதனாலேயே எங்கள் இருவருக்கும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. தண்ணீரைப் பற்றி நான் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இதைத்தான் குடிக்கிறேன். ஐந்து பிள்ளைகளையும் இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன். சந்தேகம் என்றால் நேரில் போய்ப் பாரேன்!" என்றார்.

போய்ப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து அனுமதி வாங்கிக்கொண்டு போனோம்.

நடத்துவது யார்?

முதலில் ஆலையை நடத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆலை சின்னது. ஊர் பெரிதாகிவிட்டதால் அதன் பக்கத்திலேயே புதிய ஆலை கட்டினார்கள். 2002-இல் அது வேலை தொடங்கியது. ஒரு நாளைக்கு 2 கோடியே 10 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் திறன் அதற்கு உண்டு. 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி என்றால், 1,750 லாரித் தண்ணீர்!

ஆலை நகராட்சிக்குச் சொந்தம். அதை ஓட்டும் பொறுப்பை 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஒரு கூட்டுக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டில் முக்கியமானது பிரான்ஸ் நாட்டின் 'வியோலியா'. 1853-இல், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பொதுத் தண்ணீர்க் கம்பெனி என்ற பெயரில் தொடங்கி, முதலில் லியோன் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்தது. இன்று பல கண்டங்களில் குடிநீர், கழிவுநீர், குப்பை என்று மூன்றையும் கவனிக்கும் பிரம்மாண்டமான நிறுவனம். இன்னொரு பங்காளி பெர்லின் நகரத் தண்ணீர் நிறுவனத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது பங்காளியின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது 'வாபாக்'! 1924-இல் ஜெர்மனியில் பிறந்த கம்பெனி. ஆனால் அதன் தலைமை அலுவலகம் இப்போது இருப்பது நம் சென்னையில்! இந்தியக் கிளையை நடத்தியவர்கள், 2007-இல் வியன்னாவில் இருந்த தாய்க் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வந்து, நம் ஊர்க் கம்பெனி பங்கு வகிக்கும் ஆலையின் தண்ணீரைக் குடிக்கிறோம் என்று தெரிந்ததும் மாமியாருக்கு உடனே போன் போட்டேன். "அப்படியா? மெட்ராஸ்காராளா?" என்று குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

அடுக்கடுக்காகப் பத்துக் காவல்

ஆலையைச் சுற்றிக் காட்டியது ஒரு இளம் பெண். ரசாயனம் படித்தவள். உள்ளே நுழைந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம்: "எங்கள் வேலை இந்த வாசலில் தொடங்குவதில்லை. உங்கள் சமையலறைத் தொட்டியில் தொடங்குகிறது."

வீட்டுக் கழிவுநீரையும் தொழிற்சாலைக் கழிவுநீரையும் அங்கே ஒன்றாகக் கலக்கவே விடுவதில்லை. தொழிற்சாலைக் கழிவில் எந்த உலோகம், எந்த ரசாயனம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் அதற்குத் தனி வழி, தனி சுத்திகரிப்பு. வீட்டுக் கழிவுநீர் மட்டும்தான் குடிநீராகும் பாதையில் போகும்.

அது முதலில் வேறொரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே வேலைக்காரர்கள்! இட்லி மாவைப் புளிக்க வைக்க நல்ல கிருமிகள் இருக்கிற மாதிரி, அழுக்கைத் தின்று தீர்க்கவும் கிருமிகள் உண்டு. காற்றை ஊதி ஊதி அவற்றைப் போஷித்தால், அவை அழுக்கைத் தின்றுவிட்டுக் கசடாக அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் குட்டைகளில் சில நாள் தங்கி, கோரேயங்காப் ஆலைக்கு வருகிறது. பல ஊர்களில் இந்த அளவு சுத்தமானதுமே ஆற்றில் விட்டுவிடுவார்கள். இங்கோ, வேலை இனிமேல்தான் ஆரம்பம்!

அந்தப் பெண் ஒவ்வொரு கட்டமாக விளக்கினாள். நம் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன்.

முதலில் கரித்தூள். வீட்டு ஃபில்டரில் கறுப்பு மணிகள் இருக்குமே, அதே ஜாதிக் கரி. வாடையையும் நிறத்தையும் சில ரசாயனங்களையும் அது பிடித்துக்கொள்ளும். கூடவே ஓசோன் வாயுவைச் செலுத்துகிறார்கள்.

அடுத்து, தெளிய வைத்தல். கலங்கிய தண்ணீரில் நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவார்களே, அந்தத் தத்துவம்தான். அங்கே இரும்பு உப்பு ஒன்றைக் கரைக்கிறார்கள். உடனே நுண்ணிய அழுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகத் திரள்கின்றன.

திரண்டதை அடியில் படிய விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் வேடிக்கை! அடியிலிருந்து பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். தயிர் கடையும்போது வெண்ணெய் மேலே திரண்டு வருகிற மாதிரி, அழுக்கு முழுவதும் நுரையாக மேலே மிதந்து வருகிறது. மேலாக வழித்து எடுத்துவிடுகிறார்கள்.

பிறகு மணல் வடிகட்டி. அதற்குப் பிறகு மறுபடியும் ஓசோன், இந்தத் தடவை பலமாக. ஓசோன் கிருமிகளைக் கொல்வதோடு, மருந்து மாத்திரைகளின் மிச்சம் போன்ற சிக்கலான பொருள்களையும் துண்டு துண்டாக உடைக்கிறது. உடைந்த துண்டுகளைத் தின்ன, அடுத்த தொட்டியில் கரி மணிகளின்மேல் நல்ல கிருமிகளைக் குடியமர்த்தியிருக்கிறார்கள். அவை விட்டுவைத்ததைப் பிடிக்க இன்னும் இரண்டு கரித் தொட்டிகள்.

அதற்கும் பிறகு, மெல்லிய குழல்கள் கொண்ட சவ்வு வடிகட்டி. தேங்காய்ப்பால் பிழியும் துணியில் சக்கை நின்றுவிடுகிறது அல்லவா? இந்தச் சவ்வின் துவாரங்கள் எவ்வளவு நுட்பம் என்றால், சாதாரணக் கிருமிகூடச் சக்கையாக நின்றுவிடுகிறது. கடைசியில் குளோரின். குழாய் அரித்துப் போகாமலிருக்க, தண்ணீரின் காரத்தன்மையையும் சரி செய்து அனுப்புகிறார்கள்.

"இத்தனை எதற்கு? ஒரே ஒரு நல்ல மெஷின் போதாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஒரு காவல்காரன் தூங்கிவிட்டால்?" என்று திருப்பிக் கேட்டாள் அந்தப் பெண். ஒரே கிருமியைத் தடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட காவல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆலையின் அடிப்படை விதி. ஓசோன் விட்டுவிட்டதைச் சவ்வு பிடிக்கும், சவ்வு தவறவிட்டதைக் குளோரின் கொல்லும்.

தப்பு நேர்ந்தால்?

எனக்கு ஆலையின் மெஷின்களைவிட அதன் கட்டுப்பாட்டு அறைதான் மனத்தில் நின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரின் தரத்தைக் கருவிகள் இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கின்றன. ஏதாவது ஒரு கட்டத்தில் அளவு தவறினால், 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கிடையாது. அந்தத் தண்ணீர் ஊருக்குப் போகாது, ஆலை நிற்கும். கருவிகளை மட்டும் நம்பாமல், மாதிரி எடுத்துச் சோதனைச் சாலையிலும் பரிசோதிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம்: இந்தத் தண்ணீரை மட்டும் தனியாக வீடுகளுக்கு அனுப்புவதில்லை. அணைத் தண்ணீரோடும் கிணற்றுத் தண்ணீரோடும் கலந்துதான் அனுப்புகிறார்கள். சாதாரணமாக ஊருக்கு வேண்டியதில் சுமார் கால் பங்கு இந்த ஆலையிலிருந்து போகும். 35 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். திரும்பத் திரும்ப ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், கலப்பதால் அது மட்டுப்படுகிறது.

"எல்லாம் சரி, குடித்தவர்களுக்கு நோய் நொடி வந்ததா?" இதுதானே உங்கள் கேள்வி? 1974 முதல் 1983 வரை, பத்து வருஷம், அந்த ஊரில் வயிற்றோட்ட நோய்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார்கள். மறுசுத்திகரிப்பு செய்த தண்ணீரைக் குடித்ததற்கும் வயிற்றோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. எங்கே அதிகம் நோய் கண்டதோ, அங்கே வறுமையும் வசதிக் குறைவும்தான் காரணமாக இருந்தன. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2016-இல் கடும் வறட்சி. மத்திய நமீபியாவுக்குத் தண்ணீர் தரும் அணைகள் அடி தெரிய வற்றின. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதில் கட்டுப்பாடு வந்தது. அரிசி களைந்த தண்ணீரை நான் ரோஜாச் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்து எதிர் வீட்டு மேமேயும் பழகிக்கொண்டார். அணைகள் வற்றிய நாளிலும் இந்த ஆலை வற்றவில்லை. ஜனங்கள் இருக்கும்வரை சாக்கடை வற்றாது அல்லவா!

ஆலைக்குப் பக்கத்திலேயே...

ஒரு கதையின் நல்ல பாதியை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயம் இல்லை.

வின்ட்ஹூக்கின் ஓரங்களில், தகரத்தால் தடுத்த குடிசைகள் மலைச்சரிவு முழுவதும் நிறைந்திருக்கின்றன. வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கோரேயங்காப் அணையைச் சுற்றியும் இந்தக் குடியிருப்புகள் உண்டு. பல வீடுகளில் கழிப்பறை கிடையாது. காட்டாற்றுப் படுகைக்குத்தான் போகிறார்கள். வீட்டுக்குள் குழாயும் கிடையாது. பொதுக்குழாய்க்கு நடந்து போய், பிளாஸ்டிக் டப்பாக்களில் பிடித்து வந்து தேக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2017-ஆம் ஆண்டின் கடைசியில், அந்தக் குடிசைகளில் 'ஹெபடைட்டிஸ் ஈ' என்ற மஞ்சள் காமாலை பரவியது. மலத்தின் வழியாகத் தண்ணீரிலும் கையிலும் உணவிலும் பரவும் நோய் இது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், உயிருக்கே ஆபத்து. அந்த நோய் தலைநகரோடு நிற்காமல் மற்ற பகுதிகளுக்கும் பரவி, சில வருஷம் நீடித்தது. இறந்தவர்களில் கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்ற தாய்மார்களும் பலர்.

யோசித்துப் பாருங்கள். சாக்கடை நீரையே அமிர்தமாக்கும் ஆலை ஊருக்குள் இருக்கிறது. அதே ஊரில், கழிப்பறை இல்லாததால் தாய்மார்கள் இறந்தார்கள். கோளாறு ஆலையின் தண்ணீரில் இல்லை. அதைப் பிடித்து வந்து மூடாமல் வைத்த டப்பாவில், அதில் முங்கிய கையில், கழுவ முடியாத கையில், கட்டப்படாத கழிப்பறையில் இருந்தது. பத்து வருஷ ஆராய்ச்சி சொன்னதும் இதுதானே?

எவ்வளவு பெரிய கம்பெனி நடத்தினாலும், தண்ணீரின் கடைசிப் பத்தடியை மெஷின் காவல் காக்காது. குழாயிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து குழந்தையின் வாய்க்கு... அந்தப் பத்தடி நம் கையில் இருக்கிறது.

நம் ஊருக்கு இது எதற்கு?

"இதெல்லாம் பாலைவனத்துச் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைக்கிறீர்களா? 2019 கோடையை மறந்திருக்கமாட்டீர்கள். பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே! ஒரு ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். வின்ட்ஹூக் ஆலையின் ஒரு நாள் தண்ணீர், அப்படி எட்டு ரயிலுக்கும் மேல்.

அதே 2019-இல் கோயம்பேட்டிலும் ஒரு ஆலை வந்தது. சுத்திகரித்த கழிவுநீரை மேலும் சுத்தம் செய்து, ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கக்கூடியது. இதைக் கட்டியதும் அதே வாபாக்தான். இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலைகள் இதை எடுத்துக்கொண்டால், அந்த அளவு ஏரித் தண்ணீர் குடிப்பதற்கு மிஞ்சும் அல்லவா?

சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் 'நியூவாட்டர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இந்த ரகம்தான். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, ஒரு பகுதியை நீர்த்தேக்கங்களில் கலந்து மறுபடி சுத்தம் செய்து குடிக்கிறார்கள்.

நம் ஊரிலும் குடிநீருக்கே இது வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு நாள் நம்மையும் கேட்கலாம். அப்போது "சீச்சீ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "சரி" என்று தலையாட்டிவிட்டும் போகாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: தொழிற்சாலைக் கழிவைத் தனியாகப் பிரித்துவிட்டீர்களா? எத்தனை அடுக்குக் காவல்? தரம் தவறினால் ஆலை தானே நிற்குமா? பரிசோதனை முடிவை ஜனங்களுக்குக் காட்டுவீர்களா? இந்த நாலு கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால் பயப்பட வேண்டாம். கிடைக்காவிட்டால், மலையருவித் தண்ணீர் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இன்றே நாம் செய்யக்கூடியவை

கேள்வி கேட்பது இருக்கட்டும், நம் பங்குக்கும் சில வேலைகள் உண்டு. அந்த ஆலையைப் பார்த்து வந்த நாளிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் இவை:

* அப்பளம், வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், சுத்திகரிப்பவர்களுக்கும் தலைவலி. பழைய காகிதத்தில் ஊறவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம்.

* கெடு தேதி முடிந்த மருந்து, மாத்திரை, பெயின்ட், தின்னர் இவற்றைக் கழிப்பறையில் கொட்டுவதில்லை. சாக்கடைத் தண்ணீரில் எடுப்பதற்குக் கஷ்டமானவை இவைதான்.

* நாப்கின், குழந்தையின் டயாபர், ஈரத் துடைப்புத்தாள் இவை கழிப்பறைக்குள் போகவே கூடாது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

* குடிதண்ணீர்ப் பாத்திரத்துக்கு எப்போதும் மூடி வேண்டும். உள்ளே கை விடாமல், நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள். குழாய் வைத்த பாத்திரமானால் இன்னும் நல்லது.

* கீழ்த்தொட்டியையும் மாடித் தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள்.

* சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சூடு வந்தால் போதாது, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும். ஆறிய பிறகு வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், அதிலேயே மூடி வையுங்கள்.

* 'டி.டி.எஸ்.' மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். அது கரைந்த உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது.

* ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற உதவும்.

* கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும், குழந்தையைக் கழுவிய பின்பும், சாப்பாடு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

* ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். வயிற்றோட்டம் கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை வாங்கி, அதில் சொல்லியிருக்கும் அளவுப்படி சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

* கர்ப்பிணிகள் வெளியில் தண்ணீர் குடிப்பதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகத் தெரிந்தால் கை வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூமியில் புதுத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. இன்று நம் சொம்பில் இருப்பது என்றோ கடலாக, மேகமாக, யாரோ ஒருவர் வீட்டுச் சாக்கடையாக இருந்ததுதான். வெயிலும் மண்ணும் பல காலம் எடுத்துக்கொண்டு செய்யும் வேலையை, வின்ட்ஹூக்கில் மனிதர்கள் கண் கொட்டாமல் விழித்திருந்து செய்கிறார்கள். அடுத்த முறை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் சாய்க்கக் கை நீளும்போது ஒரு விநாடி நிறுத்துங்கள். அது போய்ச் சேருமிடம் 'எங்கேயோ' அல்ல. யாரோ ஒரு தாய், தன் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச எடுக்கப்போகும் தண்ணீர் அது.